பை ஓடுகிறது, உடம்பு தேறுகிறதா? டிபிஎன் ஏறும் நோயாளியோடு இருப்பவர்களுக்கு

டிபிஎன், அதாவது பையிலிருந்து ரத்தக்குழாய் வழியே ஏற்றும் உணவு, ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னிக்கு எத்தனை பை போச்சு?" பை எத்தனை என்பது பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். போன சத்து உடம்பில் ஒட்டுகிறதா, சதையாகிறதா, வெறும் நீராகக் காலில் இறங்குகிறதா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அப்பாவை வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கும் கோத்தகிரிக்கும் அலைந்த மாதங்களில் இதை யாரும் எனக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் எனக்குப் பழக்கம். படுக்கையருகே எடுக்க வேண்டிய கணக்கு வேறு. அதைத் துண்டு துண்டாக, கேட்டும் படித்தும் சேர்த்தேன். உடன்பிறந்தவர்கள் வெளியூரில், முடிவெடுக்க நான் ஒருத்தன். இன்னொருவர் அப்படித் தனியாக அல்லாட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதிலுள்ள அளவுகள் டாக்டரிடம் சரியான கேள்வி கேட்பதற்கு. வீட்டில் நாமே பையின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அல்ல.

அப்பாவுக்கு வந்தது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. சாப்பிட்டால் வலி, வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பது என்று அது சில மாதம் ஓடியிருக்கிறது. கடைசியில் குடல் கறுத்துப்போய், கோயம்புத்தூரில் அறுவை செய்து, சிறுகுடலில் மேல் பக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவாக மிச்சம் வைத்து, குடல் முனையை வயிற்றில் துளை போட்டு வெளியே வைத்து (இதுதான் ஸ்டோமா), கழிவு சேர அதில் ஒரு பை ஒட்டி அனுப்பினார்கள். அவ்வளவு குட்டைக் குடல் சாப்பாட்டை உறிஞ்சாது. ரத்தக்குழாய் வழி உணவுதான் வழி.

முதல் பை திறக்கும் முன் நான்கு எண்கள் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும்: நோய்க்கு முந்தைய வழக்கமான எடை, அட்மிஷன் எடை, உயரம், எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது. வழக்கமான எடையை மருத்துவமனை கண்டுபிடிக்க முடியாது, வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரை வாங்கும் நோட்டில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அப்பாவுக்கு வழக்கமாக 58 கிலோ, அட்மிஷனில் 49, உயரம் 165 செ.மீ. உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பிஎம்ஐ போட்டால் 18; சும்மா ஒல்லியான ஆள் என்று தோன்றும். ஆனால் 58-இல் 9 போனது என்பது 15 சதவீதத்துக்கு மேல். சில மாதத்துக்குள் அவ்வளவு இழந்தவர், பிஎம்ஐ எதுவானாலும், ஆபத்துப் பட்டியலில் வருகிறார். அறுவைக்குப் பிறகு பெட் ஸ்கேலில் பார்த்தால் 56! ஐந்தாறு நாள் சலைன் ஏற்றியதில் வந்த எடை அது. அந்த 56-ஐ வைத்து உணவுக் கணக்குப் போட்டால் முதல் அடியே தப்பு. "சார், ஆபரேஷனுக்கு முன்னாடி நாப்பத்தொம்பதுங்க" என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

அடுத்தது பயங்கரமான பகுதி. பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று குளுக்கோஸ் போனால் இன்சுலின் எழும்பும். அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் சில நாளில், குறிப்பாக ஐந்து நாளுக்குள், பாஸ்பேட் சரிந்தால் மூச்சுத் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். தையமின் (வைட்டமின் பி1) இருப்பும் அதே வேகத்தில் தீரும். அதனால் முதல் பைக்கு முன்பே தையமின் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற அமைப்பின் மருத்துவ வழிகாட்டி 2006-லேயே சொன்னது: இப்படிப்பட்டவர்களுக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் வேண்டாம், முழு அளவுக்கு வர நான்கிலிருந்து ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. 49 கிலோவுக்கு 490. கொடுத்த பையில் இருந்தது ஆயிரம். ஆக முதல் நாள் பாதிப் பை ஓடியது, மீதியைக் கொட்டினார்கள். ஒரு பை அப்போது மூவாயிரம் ரூபாயை ஒட்டி. பாதி வாஷ்பேசினில் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. ஆனால் செய்தது சரி. மாட்டி ஓட்டத் தொடங்கிய பை 24 மணி நேரத்துக்குத்தான். மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "எலக்ட்ரோலைட் பார்த்தாச்சு" என்று சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள். நம்ம ஊர் லேபுகளில் எலக்ட்ரோலைட் என்றால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கூடிப்போனால் பைகார்பனேட். பாஸ்பரஸும் மெக்னீசியமும் தனி டெஸ்ட், தனியாக எழுதினால்தான் எடுப்பார்கள். தொடங்கும் முன் ஒன்று, பிறகு நிலைப்படும் வரை தினம் ஒன்று. பாஸ்பரஸ் 2.5-லிருந்து 4.5 மி.கி. வரை சாதாரணம். 2.5-க்குக் கீழே வந்த பிறகு பதறுவதைவிட, முந்தின நாளைவிட எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதம் குறைந்தாலே கவனிக்க வேண்டும், 30-ஐத் தாண்டினால் தீவிரம்.

முழு அளவுக்கு வந்த பிறகு பையின் லேபிளைப் படியுங்கள். மூன்று அறைப் பை என்றால் ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் அமினோ அமிலம் (புரதம்), ஒன்றில் கொழுப்பு. கைநரம்பில் போடும் வகையில் சுமார் 1440 மி.லி. பை ஒன்றில் குளுக்கோஸ் 97 கிராம், அமினோ அமிலம் 34, கொழுப்பு 51, மொத்தம் ஆயிரம் கிலோகலோரி. இப்போது தேவையைப் போடுங்கள். கிலோவுக்கு 25 முதல் 30 கிலோகலோரி என்றால் 49 கிலோவுக்கு 1225 முதல் 1470. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்றால் 59 முதல் 74. பையில் இருப்பது 34. "முழு டிபிஎன் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் புரதம் பாதிதான் போய்க்கொண்டிருந்தது. கைநரம்பு வகைப் பை நீர்த்துத்தான் இருக்கும். லிட்டருக்கு 900 மில்லிஆஸ்மோலுக்கு மேல் அடர்த்தி போனால் கைநரம்பு வெந்து வீங்கிவிடும். புரதம் நிறைய வேண்டுமென்றால் கழுத்திலோ மேல்கையிலோ போட்டு இதயத்துக்கு அருகே போகும் சென்ட்ரல் லைன் அல்லது பிக் லைன் வேண்டும், அல்லது தனியாக அமினோ அமில பாட்டில் சேர்க்க வேண்டும். "புரதம் இன்னிக்கு எத்தனை கிராம்ங்க?" இந்த ஒரு கேள்வியை ரவுண்ட்ஸில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் டயட்டீஷியன் எங்கள் கட்டிலுக்கு ஒழுங்காக வந்தார். பையைத் தவிர ஓடும் ட்ரிப்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டர் என்றால் 50 கிராம் சர்க்கரை, அது 170 கிலோகலோரி. கலோரி ஏறும், புரதம் பூஜ்யம்.

எழுதியது ஒன்று, போனது ஒன்று. இதைத்தான் வீட்டுக்காரர் மிக எளிதாகக் கண்காணிக்க முடியும். 1440 மி.லி. பை மணிக்கு 60 மி.லி. வேகத்தில் 24 மணி நேரம் ஓட வேண்டும். ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஒரு நிறுத்தம், அதே குழாயில் ஆன்டிபயாடிக் போட ஒரு நிறுத்தம், பம்ப் கத்திக்கொண்டே நின்றுபோனது ஒன்று. கூட்டினால் ஐந்து மணி நேரம், 300 மி.லி., பையில் ஐந்தில் ஒரு பங்கு. பை மாற்றும் நேரத்தில் "சிஸ்டர், மிச்சம் எவ்வளவுங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் மருத்துவரிடம் காட்ட அதைவிட வலுவான தாள் வேறில்லை. விட்டுப்போனதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். சர்க்கரை எகிறும். மருத்துவமனையில் சர்க்கரையை 140-லிருந்து 180-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். அது தினம் 250-க்கு மேல் போனால் கொடுக்கிற சத்தில் ஒரு பகுதி சிறுநீரில்தான் போகிறது.

எடைக்கு வருவோம். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மழையில் பறித்த இலை தராசில் கூடுதலாக நிற்கும், ஏஜென்ட் ஈரத்துக்கென்று கழித்துத்தான் எழுதுவார். டிபிஎன் ஏறும் உடம்பின் எடையையும் அப்படிக் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரே நாளில் அரைக் கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை. உண்மையான தேறுதல் வாரத்துக்கு அரைக் கிலோ, ரொம்ப நன்றாகப் போனால் ஒரு கிலோ. எடை பார்க்கும்போது காலையில், சிறுநீர் கழித்து, ஸ்டோமா பையைக் காலிசெய்து, ஒரே தராசில், ஒரே உடுப்போடு பாருங்கள். மலையில் இது பெரிய விஷயம். ஸ்வெட்டர், மப்ளர், கம்பளிச் சால்வை எல்லாம் சேர்ந்தால் கிலோவைத் தாண்டிவிடும், வெயில் நாளில் கழற்றிவிட்டு ஏறினால் "எடை இறங்கிடுச்சு" என்று வீடே அழும். பலகைத் தரையில் டிஜிட்டல் தராசு தப்பாகக் காட்டும். சிமென்ட் தரையில் வையுங்கள். எடைக்குப் பக்கத்திலேயே அன்று உள்ளே போன நீர், வெளியே வந்த சிறுநீர், ஸ்டோமா அளவு மூன்றையும் எழுதினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வீக்கம் பார்க்கக் காலை மட்டும் அமுக்கிப் பார்க்காதீர்கள். படுத்தே இருப்பவருக்கு நீர் முதுகின் அடிப்பக்கம் இறங்கியிருக்கும்.

அதிகப் பணம் போனது ஈரல் செய்யும் ரத்தப் புரதமான அல்புமினில். ரிப்போர்ட்டில் 2.1 என்று வந்ததும் சத்து இல்லை என்று சொல்லி அல்புமின் பாட்டில் எழுதினார்கள். 20 சதவீதம், 100 மி.லி., ஒன்று அப்போது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் ஒரு நல்ல பகுதி அதில்தான் போனது, இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அல்புமினின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி தீர ஆகும் காலம், சுமார் 20 நாள். இந்த வாரம் கொடுத்த உணவை அது அடுத்த வாரம் காட்டவே முடியாது. அதற்கும் மேலே, உடம்பில் கிருமியோ அழற்சியோ இருந்தால் ஈரல் அல்புமின் செய்வதைக் குறைத்துவிட்டுச் சிஆர்பி போன்ற அழற்சிப் புரதங்களைச் செய்யப் போய்விடும். ரத்தக்குழாயிலிருந்து வெளியேயும் கசியும். ஆகவே அல்புமின் குறைவு என்றால் பெரும்பாலும் "நோய் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது" என்று பொருள். ஊசியில் ஏற்றிய அல்புமின் எண்ணைச் சில நாள் உயர்த்தும், தசையைக் கட்டாது. அது தேவைப்படும் நிலைமைகள் உண்டு, மறுக்கவில்லை. சத்துக்காக என்று எழுதினால் மட்டும் "சிஆர்பி எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஈரல் செய்யும் இன்னொரு புரதமான பிரிஅல்புமினுக்கு அரை ஆயுள் இரண்டு மூன்று நாள்தான் என்பதால் அதைப் புகழ்வார்கள். சிஆர்பி ஏறினால் அதுவும் இதே மாதிரி விழும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து, சிஆர்பி இறங்கியிருக்கும்போது மட்டும் படித்தால் கொஞ்சம் உதவும்.

புரதம் போதுமா என்பதற்கு நேரடியான, மலிவான சோதனை 24 மணி நேரச் சிறுநீர். உடம்பில் புரதம் கரைந்தால் அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போகும். காலை ஆறுக்குக் கழிக்கும் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும், அதன் பிறகு மறுநாள் காலை ஆறு மணியுடையது வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். ஒருமுறை தவறினால் கணக்கே பொய். இப்போது லேப்காரனாகச் சொல்கிறேன்: நம்மூர் மெஷின்கள் பெரும்பாலும் யூரியா என்று தரும், யூரியா நைட்ரஜன் என்று அல்ல. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் நைட்ரஜன். உதாரணமாக 1800 மி.லி. சிறுநீர், யூரியா டெசிலிட்டருக்கு 950 மி.கி. என்றால் மொத்தம் 17.1 கிராம் யூரியா, அதாவது 8 கிராம் நைட்ரஜன். தோல், மலம் முதலியவற்றுக்கு 4 சேர்த்தால் வெளியே போவது 12. உள்ளே போன புரதம் 34 கிராமை 6.25-ஆல் வகுத்தால் 5.4. தினம் 6.6 கிராம் கடன். ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 30 கிராம் தசை என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 200 கிராம் சதை கரைகிறது. தராசோ நீர் ஏறியதால் ஏற்றம் காட்டும்! வகுக்க மறந்து 17-ஐ அப்படியே போட்டால் புரதத்தை இரட்டிப்பாக்கிவிடுவார்கள், அதுவும் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஸ்டோமாவில் லிட்டர் கணக்கில் போகிறவர்களுக்கு அந்த 4 போதாது, இழப்பு அதைவிடக் கூடுதல் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கடுமையான காய்ச்சல் நாட்களில் எவ்வளவு புரதம் கொடுத்தாலும் கடனாகத்தான் இருக்கும், அன்று இதை எடுப்பதே வீண்.

இவ்வளவு செலவில்லாமல் ஒரு தையல் டேப் நிறையச் சொல்லும். எழுதாத கையை, பிக் லைன் போட்டிருந்தால் லைன் இல்லாத கையை, முழங்கையில் மடக்கி, தோள்பட்டை எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு. கையைத் தொங்கவிட்டு அந்தக் கோட்டில் டேப்பைத் தோலில் படும்படி மட்டும் சுற்ற வேண்டும், இறுக்கக் கூடாது. 23.5 செ.மீ.க்குக் கீழே என்றால் பிஎம்ஐ 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு. தூக்கி நிறுத்தி எடை பார்க்க முடியாதவர்களுக்கு இதுதான் துணை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள் எடுத்தால் போதும். தினம் எடுத்தால் வெறும் குழப்பம்தான். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி பிசியோதெரபி அறையில் இருக்கும். ஆசியர்களுக்கு ஆண் 28 கிலோ, பெண் 18 கிலோவுக்குக் கீழே என்றால் பலவீனம். தசை பருக்கும் முன்பே பிடி வலு கூடத் தொடங்கும் என்பது இதன் நல்ல குணம். அப்பாவுக்கு டேப் அசையாமல் நின்ற காலத்திலேயே பிடி ஏறியது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா, நெற்றிப்பொட்டுக் குழி ஆழமாகிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை தட்டையாகிறதா என்று பாருங்கள். 1987-ல் டொராண்டோவிலிருந்து டெட்ஸ்கி, ஜீஜீபாய் முதலான மருத்துவர்கள் வெளியிட்ட எஸ்ஜிஏ முறை இதைத்தான் செய்கிறது: ரத்தமே எடுக்காமல், கேட்டும் தொட்டும் பார்த்தும் ஏ, பி, சி என்று மதிப்பிடுவது.

கோத்தகிரிக்குத் திரும்பியதும் வேறு மாதிரித் தொல்லைகள். பை 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மேலே அறையில் வைத்தாலே போதும், சிக்கல் மேட்டுப்பாளையத்தில்தான். மதிய வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பெட்டியை விட்டால் கெட்டுவிடும். அதிகாலையில் ஏற்றி வாருங்கள். கலந்து ஃபிரிட்ஜில் வைத்த பையை மாட்டும் முன் வெளியே எடுத்து வைக்க வேண்டும். மார்கழியில் நம்ம வீட்டுக்குள் அது இளகக் கூடுதல் நேரம் பிடிக்கும், வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மலைப்பாதை மூடினால் ஓரிரு நாள் பை வராது. நான்கைந்து பை கையிருப்பு வைத்தே ஆக வேண்டும். எக்ஸ்பைரி தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

ரத்த சாம்பிளைக் கீழே அனுப்புவதில்தான் நான் பார்த்த பெரிய ஏமாற்றம். எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூர் அனுப்பினால், குளிரில் சிவப்பணுவின் பம்ப் மந்தமாகி உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். ரிப்போர்ட்டில் 5.8 வரும், பையிலிருந்து பொட்டாசியத்தைக் குறைப்பார்கள், நோயாளிக்கோ உண்மையில் 3.2 இருக்கும். அணு உடைந்தால் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏறி, இருக்கும் குறையை மூடிவிடும். ஆகவே மேலேயே உறையவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி, சீரத்தைத் தனியே பிரித்து, அதை மட்டும் ஐஸில் அனுப்பச் சொல்லுங்கள். சர்க்கரைக்குத் தனியாக ஃப்ளோரைடு டியூப். டிபிஎன் ஓடும் கையிலிருந்தோ அதே லைனிலிருந்தோ ரத்தம் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்ததில் சர்க்கரை 600, பொட்டாசியம் 7 என்று வந்து நள்ளிரவில் போன் அடித்த கதைகள் எல்லா லேபிலும் உண்டு. எதிர்க்கையில் குத்துங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தி, சலைனால் கழுவி, முதல் ரத்தத்தை எறிந்துவிட்டு எடுக்க வேண்டும். இரவில் மட்டும் பை ஓடுகிறவர்களுக்கு ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள கொழுப்பு) பார்க்க, பை முடிந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டுக் குத்துங்கள். 400 மி.கி.யைத் தாண்டினால் கொழுப்பைக் குறைப்பார்கள்.

டீ. இதைச் சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். குட்டைக் குடலோடு ஸ்டோமா உள்ளவருக்கு வெறும் தண்ணீர், டீ, காபி மூன்றும் உப்பை வெளியே இழுக்கும். குடிக்கக் குடிக்க ஸ்டோமா பை நிறையும், தாகம் கூடும், இன்னும் குடிப்பார். ஸ்டோமா வழியே லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் சோடியம் போகிறது. வெறும் நீர்மங்களை நாளுக்கு அரை லிட்டரோடு நிறுத்தி, மீதிக்கு உப்புக் கரைசல் கொடுப்பதுதான் முறை. லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5, சமையல் சோடா 2.5. குளிர வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. அப்பாவின் ஸ்டோமா இரண்டு லிட்டருக்கு மேலிருந்து இறங்கியது மருந்தால் பாதி, டீயை அளந்து கொடுத்ததால் பாதி. சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடம்பில் உப்பு வறட்சி. அந்த நிலையில் எடை குறைவதைச் சத்துக் குறைவு என்று எண்ணிக் கலோரியைக் கூட்டினால் வீண். முதலில் உப்பும் நீரும்.

நடுக்கம் வந்தால் கம்பளி போர்த்திவிட்டு உட்காராதீர்கள். மலையில் நடுங்குவது எல்லாருக்கும் சகஜம், அதுதான் ஆபத்து. பை மாட்டிய அரை மணி, ஒரு மணிக்குள் நடுக்கம் வந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், லைனில் கிருமி என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். லைனிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று என ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரண்டு கல்ச்சர், அதன் பிறகுதான் ஆன்டிபயாடிக். இரவில் மலை இறங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும் நேரமே அதில் இல்லை. காரணம் தெரியாமல் சர்க்கரை திடீரென்று ஏறத் தொடங்குவது சில சமயம் காய்ச்சலுக்கு முந்தின அறிகுறி.

சின்னச் சத்துகள் பற்றிச் சுருக்கமாக. மூன்று அறைப் பையில் பொதுவாக வைட்டமினும் செம்பு, செலினியம் போன்றவையும் கிடையாது, துத்தநாகமும் சில வகைகளில்தான் உண்டு. தனிக் குப்பிகளாக வாங்கிச் சேர்க்க வேண்டும், பில்லில் அவை இருக்கிறதா பாருங்கள். ஸ்டோமாவில் லிட்டர் கணக்கில் போகிறவர்களுக்குத் துத்தநாகம் வேகமாகத் தீரும்: சிறுகுடல் நீர் ஒரு லிட்டரில் 12 மி.கி. வாயோரம், ஆசனவாயைச் சுற்றிச் செதில் செதிலாகச் சிவப்பது, முடி கொட்டுவது, நாக்கில் ருசி போவது எல்லாம் அதுதான். துத்தநாகம் பார்க்கச் சாதாரண டியூபில் எடுத்தால் மூடி ரப்பரிலிருந்தே துத்தநாகம் கலந்து நல்ல எண் வந்துவிடும். அதற்கென உள்ள கருநீல மூடி டியூப் கேளுங்கள். கொழுப்பில்லாத பை சில வாரம் ஓடினால் தோல் வறண்டு உதிரும். மாதக் கணக்கில் போனால் ஈரல் பரிசோதனை விடாமல் எடுக்க வேண்டும். பிலிருபினும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறினால் அளவுக்கு மீறிக் கொடுக்கிறோமா, கிருமி இருக்கிறதா என்று தேடுவார்கள், பையை 24 மணி நேரத்திலிருந்து 12, 14 மணிக்குச் சுருக்குவார்கள். சுருக்கும்போது குளுக்கோஸ் வேகத்தைப் போட்டுப் பாருங்கள்: 200 கிராமை 12 மணி நேரத்தில் 49 கிலோ உடம்புக்கு விட்டால் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5.7 மி.கி.; 5-க்குள் இருப்பதே நல்லது. முடிக்கும்போது கடைசி ஒரு மணி நேரம் பாதி வேகம், இல்லாவிட்டால் சர்க்கரை தடாலென்று விழும்.

சில மாதம் கழித்து மிச்சக் குடலைப் பெருங்குடலோடு இணைத்து ஸ்டோமாவை மூடினார்கள். பெருங்குடல் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் நிலைமை வேகமாக மாறியது. பையை நிறுத்துவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. வாரத்தில் ஒரு இரவை விடுவார்கள். எடை நிற்கிறதா, சிறுநீர் நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் போகிறதா, அதில் சோடியம் 20-க்கு மேல் இருக்கிறதா என்று ஓரிரு வாரம் பார்த்துவிட்டு இன்னொரு இரவு. பிடி வலுவும் டேப்பும் இறங்கினால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பை முழுக்க நின்ற பிறகும் கடைக்குடல் போனவருக்கு பி12 வாய் வழி ஏறாது, ஆயுள் முழுக்க ஊசி. மெக்னீசியம், வைட்டமின் டி இரண்டுக்கும் மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை பரிசோதனை. பெருங்குடல் இணைத்தவருக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வரும் வாய்ப்பு உண்டு. பசலைக்கீரையும் கடுமையான டீயும் அந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவை. அப்பாவுக்கு இப்போது காலையில் பால் சேர்த்து ஒரு தம்ளர், அதுவும் சாப்பாட்டோடு மட்டும்.